திங்களும் 'திங்'கும்: ஒரு ஜெர்மானியச் சொல்லின் வேரைப் பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் 'திங்' என்றால் ஏதோ ஒரு பொருள், ஏதோ ஒரு விஷயம். பெயர் மறந்துபோன எதையும் சுட்ட உதவும் சொல். ஆனால் நார்வே நாடாளுமன்றத்தின் பெயர் 'ஸ்டோர்டிங்', டென்மார்க்கில் 'ஃபோல்கெடிங்', ஐஸ்லாந்தில் 'அல்திங்கி'. 'ஸ்டோர்' என்றால் பெரிய. 'பெரிய பொருள்' என்று ஒரு நாடு தன் நாடாளுமன்றத்துக்குப் பெயர் வைக்குமா? வைக்கவில்லை. அங்கே 'டிங்' என்றால் சபை. இரண்டும் ஒரே சொல்தான்.

சபை எப்படிப் பொருளானது என்பதை நாமே கண்டறியும் முறையைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். எந்த ஜெர்மானியச் சொல்லுக்கும் இதே முறை பொருந்தும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சொல்லாராய்ச்சியில் முதல் சாட்சி ஒலி, இரண்டாவது ஆண்டு, மூன்றாவது கூட்டுச்சொல்லும் ஊர்ப்பெயரும். அர்த்தம் கடைசியில்தான் கூண்டேற வேண்டும். அர்த்தத்தை முதலில் ஏற்றுபவர்கள்தான் வழி தவறுகிறார்கள்.

தொடங்கும் முன்: எழுத்துச் சிக்கல்

தமிழில் குறிப்பெடுத்தால் ஒரு தொல்லை உண்டு. ஜெர்மன் சொல்லையும் ஸ்வீடிஷ் சொல்லையும் 'டிங்' என்றே எழுதிவிடுவோம். முன்னது 'டப்பா'வில் வரும் ட. பின்னது 'டீ'யில் வரும் ட. நம் காதுக்கு வேறுபாடு தெரியும், எழுத்தில் தெரியாது. ஆராய்ச்சியோ இந்த வேறுபாட்டை நம்பித்தான் நடக்கிறது. இதற்கு நம்மிடமே தீர்வு இருக்கிறது: ஸ்லோகப் புத்தகங்களில் க³, த³, ப³ என்று எண் போட்டு அச்சிடுகிறார்களே, அதேபோல டப்பாவின் ஒலிக்கு டி³ங் என்று எழுதுங்கள். எண் இல்லாவிட்டால் டீயின் ஒலி.

ஆங்கிலத்திலும் ஐஸ்லாந்து மொழியிலும் வரும் 'தி' நம் தகரம் அல்ல. நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையில் வைத்துக் காற்றை உரசவிடும் ஒலி அது. ஐஸ்லாந்துக்காரர்கள் இதற்குத் தனி எழுத்தே வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் 'தோர்ன்', அதாவது முள். இந்த வழிகாட்டியில் அதை முள் ஒலி என்றே அழைப்போம்.

படி 1: வடிவங்களைச் சேகரியுங்கள்

ஒரு தாளில் ஐந்து பத்திகள் போடுங்கள்: மொழி, வடிவம், பால், பொருள், முதலில் எழுத்தில் தென்பட்ட காலம். ஜெர்மானிய மொழிகளுக்கு மேற்கு, வடக்கு, கிழக்கு என்று மூன்று கிளைகள். மேற்கில் ஆங்கிலம், டச்சு, ஜெர்மன். வடக்கில் ஐஸ்லாந்து மொழி, நார்வேஜியன், டேனிஷ், ஸ்வீடிஷ். கிழக்கில் எழுத்தில் மிஞ்சியது பெரும்பாலும் கோதிக் மட்டும், அதுவும் 4ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட பைபிள் மொழிபெயர்ப்பில். குறைந்தது இரண்டு கிளைகளிலாவது ஒரு சொல் இல்லையென்றால் 'இது எல்லா ஜெர்மானிய மொழிகளுக்கும் பொதுச் சொல்' என்று வாயைத் திறக்கக் கூடாது.

நம் சொல்லுக்குக் கிடைப்பவை: ஆங்கிலம் திங், ஐஸ்லாந்து திங், ஜெர்மன் டி³ங், டச்சு டி³ங், நார்வேஜியன் டிங், டேனிஷ் டிங், ஸ்வீடிஷ் டிங்.

பால் என்ற பத்தியைப் பலர் வெறுமையாக விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். டேனிஷிலும் நார்வேஜியனிலும் 'டிங்' பொதுப்பாலில் வந்தால் பொருள், அஃறிணைப்பால் போன்ற நடுப்பாலில் வந்தால் சபை. 'டிங்கென்' என்றால் அந்தப் பொருள். 'டிங்கெட்' என்றால் அந்தச் சபை. ஒரே சொல் இரண்டாகப் பிரியும் வேலையை இங்கே கண்ணெதிரே பார்க்கலாம். பால் பத்தி இல்லாத தாளில் இது தெரியவே தெரியாது.

கோதிக்கில் இந்தச் சொல் கிடைக்கவில்லை. 'பொருள்' என்பதற்குக் கோதிக் பைபிள் வேறு சொல்லை ஆள்கிறது. அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். 'இருந்திருக்கும்' என்று ஊகித்து நிரப்பிய கட்டம் நான்கு படி தள்ளிப் போய் உண்மையாக வேடம் போடும். மறுஉருவாக்கம் செய்த வடிவங்களுக்கு முன்னால் அகராதிகள் ஓர் உடுக்குறி (*) போடுவது இதற்காகத்தான்: குறி இருந்தால், அந்த வடிவத்தை யாரும் ஏட்டிலோ கல்லிலோ கண்டதில்லை என்று அர்த்தம்.

படி 2: ஒலியைச் சோதியுங்கள்

இந்த வடிவங்கள் ஒன்றோடொன்று உறவா என்பதைத் தோற்றம் சொல்லாது, விதிதான் சொல்லும். மூன்று, திருடன், முள் என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம்: த்ரீ, தீஃப், தோர்ன்.
ஜெர்மன்: ட்³ரை, டீ³ப், டோ³ர்ன்.
நார்வேஜியன்: ட்ரே, டூவ், டோர்ன்.

வரிசை தெளிவு. ஆங்கிலத்தில் முள் ஒலி நின்ற இடத்தில் ஜெர்மனில் ட³, நார்வேஜியனில் ட. டச்சு ஜெர்மனோடு சேரும், ஐஸ்லாந்து ஆங்கிலத்தோடு சேரும். திங், டி³ங், டிங் இந்த வரிசையில் பிசிறில்லாமல் உட்காருகிறது. இன்னும் பின்னால் போனால் லத்தீனின் 'ட்ரேஸ்', வடமொழியின் 'த்ரி' ஆகியவற்றில் சாதாரணத் தகர ஒலி. அது ஜெர்மானியத்தில் முள் ஒலியாக மாறியது என்பது யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்துத் தந்த விதியின் ஒரு பகுதி. ஆம், தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம் சகோதரர்களில் மூத்தவர்தான்.

முதல் எழுத்து பொருந்தியதும் பேனாவை வைத்துவிடுவது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. ஆங்கில 'திங்க்' (நினை), ஜெர்மன் 'டெ³ங்கென்' ஆகியவையும் இதே வரிசையில் உட்காரும். அதனால் 'திங்'கும் 'திங்க்'கும் உறவு என்று சொல்லிவிட முடியாது. நினைப்பதைக் குறிக்கும் சொல்லின் பழைய உயிர் அகரம். 'நன்றி' என்று பொருள்படும் ஆங்கில 'தாங்க்', ஜெர்மன் 'டா³ங்க்' ஆகியவற்றில் அது இன்னும் தங்கியிருக்கிறது. கடைசி மெய்யும் வேறு. முதல் மெய், உயிர், கடைசி மெய் மூன்றும் தனித்தனியே தேற வேண்டும். மூன்றில் இரண்டு தேர்ச்சி என்பது தோல்விதான்.

படி 3: நம்மூர்ப் பொறி

தமிழ் வாசகர் இந்த இடத்துக்கு வரும்போது ஒரு சபலம் தட்டும். 'திங்' என்றதும் 'திங்கள்' நினைவுக்கு வரும். இந்தச் சபலத்துக்குத் தீனி போடச் சரித்திரமும் தயாராக இருக்கிறது. ரோமானிய எழுத்தாளர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதும்போது, அவசரம் எதுவும் இல்லையென்றால் அவர்கள் அமாவாசை கழிந்து நிலவு பிறக்கும் வேளையிலோ பௌர்ணமியிலோதான் சபை கூடுவார்கள் என்கிறார். நிலவு, கூட்டம், திங், திங்கள்! போதாக்குறைக்கு, பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் கருத்துப்படி 'திங்' என்ற சொல்லுக்கு ஆதியில் 'குறித்த காலம்' என்பதே பொருள். திங்கள் என்றால் மாதம், அதுவும் காலம்தானே?

இத்தனையும் பொருந்துவதுபோலத் தெரிந்தாலும் முடிவு தவறு. ஏன் என்று பார்ப்பதுதான் இந்த வழிகாட்டியிலேயே பயனுள்ள பயிற்சி.

உறவு என்றால் ஒற்றைச் சொல் ஒத்துப்போனால் போதாது, விதி திரும்பத் திரும்ப வர வேண்டும். படி 2இல் பார்த்த வரிசையைத் தமிழுக்கு நீட்டுங்கள். த்ரீக்கு நம் சொல் மூன்று. தோர்னுக்கு முள். தீஃபுக்குக் கள்வன். எங்கே போனது தகரம்? ஒரு வரிசையில்கூட வரவில்லை. ஆகவே 'திங்' என்ற ஒரே கட்டத்தில் தகரம் தென்படுவது தற்செயல். ஆயிரக்கணக்கான சொற்கள் உள்ள இரண்டு மொழிகளை அருகருகே வைத்தால், இரண்டு மூன்று ஒலிகள் ஒத்துப்போகும் சோடிகள் கை நிறையக் கிடைக்கும்.

இன்னொரு சோதனை, சொல்லுக்குச் சொந்த வீட்டில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்பது. திங்களுக்கு மலையாளத்தில் திங்கள், கன்னடத்தில் திங்களு, துளுவில் திங்கொளு என்று திராவிடக் குடும்பத்துக்குள்ளேயே உறவுகள் இருக்கின்றன. அதற்கு வடகடல் ஓரத்தில் பிறந்த வீடு தேட வேண்டிய அவசியமே இல்லை.

படி 4: பரம்பரைச் சொத்தா, கடன் வாங்கியதா?

ஒலி விதியை மீறும் வடிவம் அகப்பட்டால் மகிழுங்கள். கடன்சொல்லின் கைரேகை அது. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகருக்கு மேலே உள்ள மலையில் 1935இல் திறக்கப்பட்ட திறந்தவெளி அரங்குக்கு 'திங்ஷ்டேட்டெ' என்று பெயர். ஜெர்மன் விதிப்படி அங்கே டி³ங் என்றுதான் வர வேண்டும். ஆனால் பெயர்ப்பலகையில் முள் ஒலிக்குரிய எழுத்துக்கூட்டல். பண்டைய வட ஐரோப்பியப் பெருமையை நாஜிகள் அரங்கேற்ற விரும்பிய காலம். உள்ளூர் வடிவத்தில் போதிய பழமை வாசனை இல்லை என்று வட ஜெர்மானிய மொழிகளின் வடிவத்தை எடுத்துப் பூசிக்கொண்டார்கள். இத்தகைய சொல்லை ஆதாரமாகக் காட்டி 'ஜெர்மனில் இன்றுவரை சபை என்ற பொருள் உயிரோடிருக்கிறது' என்று எழுதினால் அடிப்படையே ஆட்டம் காணும்.

ஆங்கிலத்தின் 'ஹஸ்டிங்ஸ்' நேர்மையான கடன். தேர்தல் பிரசார மேடையைக் குறிக்கும் இந்தச் சொல் ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸின் 'ஹூஸ்திங்', அதாவது வீட்டுச் சபை. அரசன் ஊரைக் கூட்டாமல் தன் ஆட்களை மட்டும் வைத்து நடத்தும் ஆலோசனை. பிறகு லண்டன் நகர நீதிமன்றம் ஒன்றுக்கு அந்தப் பெயர் வந்தது. அது கூடிய மேடைக்கு வந்தது. கடைசியில் வேட்பாளர்கள் ஏறி நிற்கும் மேடைக்கு வந்தது.

படி 5: ஆண்டு வரிசை

இப்போது ஐந்தாம் பத்தி. பழைய சாட்சி மேலே, புதியது கீழே.

மிகப் பழைய சாட்சி இருப்பது ஜெர்மனியில் அல்ல, வட இங்கிலாந்தில். ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஹவுஸ்ஸ்டெட்ஸ் கோட்டையில் ரோமானியப் படையில் பணியாற்றிய ஜெர்மானிய வீரர்கள் 3ஆம் நூற்றாண்டில் நட்ட பலிபீடக் கல் ஒன்று 1883இல் கிடைத்தது. கல்லில் லத்தீன் வாசகம்: 'தேயோ மார்ட்டி திங்ஸோ'. அதாவது 'திங்ஸுஸ் ஆகிய மார்ஸ் தெய்வத்துக்கு'. போர்த்தெய்வம் மார்ஸுக்குச் சபைக் காவலன் என்ற அடைமொழி. பக்கத்தில் இரு பெண் தெய்வங்களுக்கும் பங்கு உண்டு.

இந்தக் கல் ஒரு கிழமையின் பெயரையும் விளக்கிவிடுகிறது. ரோமானியர்களுக்குச் செவ்வாய்க்கிழமை மார்ஸின் நாள். டச்சில் அது 'டி³ன்ஸ்டா³க்', ஜெர்மனில் 'டீ³ன்ஸ்டாக்', வட ஜெர்மனியின் இடைக்கால வடிவம் 'டி³ங்கெஸ்டா³க்'. திங்ஸுஸின் நாள் என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். ஜெர்மனில் 'டீ³ன்ஸ்ட்' என்றால் பணி, சேவை. அதை வைத்து இதைச் 'சேவை நாள்' என்று பிரிப்பது மேலோட்டமாகப் பார்ப்பவர் செய்யும் பிழை. ஆங்கிலம் இதே நாளுக்கு 'டீவ்' என்ற தெய்வத்தின் பெயரைச் சூட்டி ட்யூஸ்டே என்கிறது. இங்கே நமக்கு உண்மையான தொடர்பு ஒன்று உண்டு: நம் செவ்வாயும் அதே கோளின் பெயரால் அமைந்த நாள்தான். கோள்களின் பெயரால் வாரம் எண்ணும் முறை வடக்கே ஜெர்மானியர்களிடமும் தெற்கே நம்மிடமும் போய்ச் சேர்ந்தது. ஆக, திங்கள் ஏமாற்றிய இடத்தில் செவ்வாய் கைகொடுக்கிறது.

அடுத்து 643. இத்தாலியில் குடியேறிய லாங்கோபார்டு என்ற ஜெர்மானிய மக்களின் அரசன் ரோதாரி வெளியிட்ட சட்டத்தொகுப்பில் 'கைரெதிங்ஸ்' என்ற சொல் வருகிறது. 'கைரெ' என்றால் ஈட்டி. ஈட்டி ஏந்தியவர்கள் கூடிய சபை முன் செய்யும் சட்டபூர்வமான கொடுக்கல் வாங்கல் அது. தீர்மானம் பிடித்தால் ஜெர்மானியர் ஈட்டிகளை மோதி ஒலியெழுப்புவார்கள் என்று ஐந்து நூற்றாண்டுக்கு முன் டாசிட்டஸ் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதி அரசர்கள் ஹ்லோத்ஹெரே, ஏட்ரிக் ஆகியோரின் சட்டத்தில் 'சபையிலோ திங்கிலோ' ஒருவர்மேல் வழக்குத் தொடுப்பது பற்றிய விதி உள்ளது. ஐஸ்லாந்தில் அல்திங்கி தொடங்கியது 930இல்.

படி 6: அர்த்தத்தை இப்போது கூண்டேற்றுங்கள்

ஒலியும் ஆண்டும் கையில் இருப்பதால் இனி அர்த்தம் நம்மை ஏமாற்ற முடியாது. சங்கிலி இப்படிப் போகிறது: குறித்த காலம், குறித்த காலத்தில் கூடும் சபை, சபையில் வைக்கப்படும் வழக்கு, பேச வேண்டிய எந்த விவகாரமும், கடைசியில் எந்தப் பொருளும்.

ஒவ்வொரு கண்ணிக்கும் தனிச் சாட்சி வேண்டும். முதல் கண்ணிக்குக் கோதிக் உதவுகிறது: அங்கே 'தீஹ்ஸ்' என்றால் காலம், பருவம். அதன் ஹகரமும் 'திங்'கின் ககரமும் ஒரே மூலத்திலிருந்து அசையழுத்த வேறுபாட்டால் பிரிந்தவை; டேனிஷ் மொழியியலாளர் கார்ல் வெர்னர் 1870களில் கண்டுபிடித்த விதி இது. ஆனாலும் இந்தக் கண்ணியை 'பெரும்பாலும்' என்ற அடைமொழியோடு எழுதுங்கள். சபை என்ற கண்ணியில் ஐயம் இல்லை. கல்லும் சட்டமும் இருக்கின்றன.

வழக்கு எப்படிப் பொருளாகும் என்று கேட்பவருக்கு அக்கம்பக்கத்து மொழிகளைக் காட்டுங்கள். லத்தீனில் 'கௌஸா' என்றால் வழக்கு. அதிலிருந்து பிறந்த இத்தாலிய 'கோஸா', பிரெஞ்சு 'ஷோஸ்' இரண்டுக்கும் பொருள் வெறும் 'பொருள்'. ஜெர்மனின் 'ஸாஹெ' இன்று விஷயம், பொருள்; பழைய ஆங்கிலத்தில் அதன் உடன்பிறப்பு சண்டையையும் வழக்கையும் குறித்தது. நம்மிடம் 'சங்கதி' இருக்கிறதே! வடமொழியில் அதற்கு ஒன்றுசேர்தல், சந்திப்பு என்று பொருள். நாம் 'என்ன சங்கதி?' என்று கேட்கும்போது யாரும் யாரையும் சந்திக்க வேண்டியதில்லை. விஷயம் என்ன என்றுதான் கேட்கிறோம். கூட்டம் விஷயமாக மாறும் பாதை ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமல்ல.

ஓர் எச்சரிக்கை: இந்தச் சங்கிலியைப் பேருந்து நிறுத்தங்கள்போல ஒன்று போய் ஒன்று வந்ததாக எண்ண வேண்டாம். பழைய ஆங்கிலத்திலேயே சபையும் பொருளும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்தன. 'வழக்கு' என்ற நம் சொல்லில் நீதிமன்ற விவகாரமும் பேச்சு நடைமுறையும் சேர்ந்திருப்பதுபோல. எந்தப் பொருள் முந்தியது என்பதை ஒரே மொழியை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

படி 7: உறைந்துபோன கூட்டுச்சொற்கள்

தனிச்சொல் நிறம் மாறினாலும் கூட்டுச்சொல்லுக்குள் பழைய நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். டச்சில் தனியே நிற்கும் டி³ங் வெறும் பொருள்தான். ஆனால் 'கெடி³ங்' என்றால் வழக்கு. அவசர வழக்கை விரைந்து விசாரிக்கும் நடைமுறைக்கு இன்றும் டச்சு நீதிமன்றங்களில் 'கோர்ட் கெடி³ங்' என்றே பெயர். 'கோர்ட்' இங்கே நீதிமன்றம் அல்ல, 'குறுகிய' என்ற டச்சுச் சொல். தமிழ் எழுத்தில் படிப்பவர் கட்டாயம் தடுக்கி விழும் இடம் இது. பேரம் பேசி விலை குறைப்பதற்கு 'அஃப்டி³ங்கென்'. ஜெர்மனில் நிபந்தனை என்பது 'பெடி³ங்குங்'. ஒருவரைக் கைது செய்வது அவரை 'டி³ங்ஃபெஸ்ட்' ஆக்குவது, அதாவது வழக்கு மன்றத்துக்குக் கட்டிப்போடுவது. பாதுகாத்து வாதாடு என்ற பொருளுடைய 'ஃபெர்டைடி³கென்' என்ற வினைக்குள்ளும் 'டாகெடி³ங்' (குறித்த நாள் விசாரணை) சுருங்கிக் கிடக்கிறது. ஸ்வீடனில் மாவட்ட நீதிமன்றம் 'டிங்ஸ்ரெட்'.

எல்லாக் கூட்டுச்சொல்லையும் இதில் அடைக்காதீர்கள். ஆங்கில 'நத்திங்' இதைச் சேர்ந்தது. ஜெர்மனில் அதே பொருள் தரும் 'நிஹ்ட்ஸ்' முற்றிலும் வேறு வேர்.

படி 8: வரைபடத்தை விரியுங்கள்

ஸ்காண்டிநேவிய வடநாட்டவர் கப்பலேறிப் போன இடமெல்லாம் சபை மைதானத்துக்கு ஒரே பெயர் வைத்தார்கள்: 'திங்' உடன், வெளி என்று பொருள்படும் 'வொல்லர்'. ஐஸ்லாந்தில் திங்வெட்லிர், நார்வேயில் டிங்வொல், ஷெட்லாண்ட் தீவில் டிங்வால், ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் டி³ங்வால், இங்கிலாந்தின் விர்ரல் என்ற தீபகற்பத்தில் திங்வால், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவில் டின்வால்ட். ஆங்கிலக் காதோடு கேட்பவர் கடைசி அசையை மதில் என்று மொழிபெயர்ப்பார். மதில் எங்கும் இல்லை, எல்லாமே திறந்தவெளி. ஊர்ப்பெயரை எடுக்கும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை நம்பாமல் கிடைக்கும் மிகப் பழைய ஆவணத்தின் வடிவத்தைத் தாளில் எழுதுங்கள்.

திங்வெட்லிரில் 1798 வரை சபை கூடியது. பாறை மேட்டில் நின்று சட்டம் ஓதுபவர், மூன்று கோடைகளில் முழுச் சட்டமும் முடியும்படி ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கை வாய்மொழியாகச் சொல்வார். மான் தீவின் டின்வால்டில் பழக்கம் இன்னும் நிற்கவில்லை. ஜூலை 5 அன்று நான்கடுக்கு மண்மேட்டைச் சுற்றிக் கூடி, புதுச் சட்டங்களை ஆங்கிலத்திலும் மான்க்ஸ் மொழியிலும் அறிவிக்கிறார்கள். நிறைவேறிய சட்டத்தை 18 மாதத்துக்குள் அங்கே அறிவிக்காவிட்டால் அது செல்லாமல் போகும்.

அடுத்த சொல்

கை பழக இதைவிட எளிய ஒன்று: ஆங்கில 'டவுன்' என்றால் ஊர், டச்சு 'டௌன்' என்றால் தோட்டம், ஜெர்மன் 'ட்ஸௌன்' என்றால் வேலி, ஐஸ்லாந்து 'டூன்' என்றால் வீட்டை ஒட்டிய புல்வெளி. அர்த்தம் நான்கு திசையில் இழுக்கிறது. இழுக்கட்டும், அதைத் தொடாதீர்கள். முதலில் பத்து (ஆங்கிலம் டென், ஜெர்மன் ட்ஸேன்), நாக்கு (டங், ட்ஸுங்கெ) ஆகிய சொற்களை வைத்து ஒலி வரிசையைக் கட்டுங்கள். பிறகு ஐந்து பத்தித் தாளைத் திறங்கள்.